சீட் பெல்ட் எப்படி உயிர் காக்கிறது?

ஈஸ்டர் வந்தால் டர்பனுக்கு வரும் சாலைகள் எல்லாம் நிரம்பிவிடும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் பிரிட்டோரியாவிலிருந்தும் என்3 நெடுஞ்சாலை வழியாகக் குடும்பம் குடும்பமாகக் கார்கள் இறங்கி வரும். ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வேண்டுதலோடு வருகிறவர்கள் ஒருபக்கம், கடற்கரைக்கு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்த நாட்களில் மாரியன்ஹில் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும் கார்களுக்குள் சற்று எட்டிப் பாருங்கள். முன்சீட்டில் இருக்கும் இருவரும் பெல்ட் போட்டிருப்பார்கள். பின்சீட்டில் நடுவே ஆயா, மடியில் பேரக்குழந்தை, இரண்டு பக்கமும் பிள்ளைகள். அங்கே ஒருவர்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

"பின்னாடிதானே உட்கார்ந்திருக்கேன், எனக்கு என்னப்பா ஆகப்போவுது?" என்பது ஆயாக்களின் வழக்கமான பதில். "மெதுவாத்தானே போறோம்" என்பது வண்டி ஓட்டுகிறவரின் பதில். கண்ணாடியில் போய் முட்டாமல் இழுத்துப் பிடிக்கும் ஒரு வார் என்றுதான் பெரும்பாலானவர்கள் பெல்ட்டை நினைத்திருக்கிறார்கள். அப்படி நினைத்தால் அதன் வேலையில் பாதிகூடப் புரியாது. விபத்தின்போது ஓடிக்கொண்டிருக்கும் உடல் நிற்பதற்கு எவ்வளவு தூரமும் எவ்வளவு நேரமும் கிடைக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் கருவி அது. விபத்தில் நொறுங்கிய வண்டிகளைச் சரிசெய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறவன் நான். எங்களிடம் வரும் வண்டிகளில், உள்ளே இருந்தவர் பெல்ட் போட்டிருந்தாரா என்பதை வண்டியே சொல்லிவிடும். தவிர்த்திருக்கக்கூடிய அடிகள் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று மோதல்கள்

ஒரு கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது. தென்னாப்பிரிக்காவில் ஊருக்குள் பொதுவான வேக வரம்பே அதுதான். அந்த வேகத்தில் கார் ஒரு நொடிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். உள்ளே நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றினாலும் உங்கள் உடலும் அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது அந்தக் கார் ஒரு கான்கிரீட் சுவரில் நேராக மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கார் சுவரோடு மோதுகிறது. காரின் மூக்குப் பகுதி நசுங்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது. பம்பர் முதல் எஞ்சின் அறை வரை மடிந்து மடிந்து, மோதலின் ஆற்றலைத் தின்றபடி, கார் அரை மீட்டருக்கு மேல் சுருங்குகிறது. பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் சிலர், "பழைய வண்டி இரும்பு மாதிரி இருக்கும், இந்தக் காலத்து வண்டி தகர டப்பாவாட்டம் நசுங்கிடுச்சே" என்று குறைப்படுவார்கள். நசுங்கியது வண்டி, நசுங்காதது அவர்கள் அமர்ந்திருந்த அறை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்த மோதல் உடலுக்கும் காரின் உட்புறத்துக்கும். பெல்ட் போடாதவரை எதுவும் நிறுத்துவதில்லை. கார் நின்றுகொண்டிருக்கும்போது அவர் இன்னும் 60 கி.மீ. வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். அவருடைய முழங்காலும் மார்பும் தலையும் ஸ்டியரிங்கையும் டாஷ்போர்டையும் கண்ணாடியையும் போய்ச் சேரும்போது காரின் வேகம் ஏறக்குறைய அடங்கிப்போயிருக்கும். கார் நசுங்கிச் சம்பாதித்துக் கொடுத்த அந்த அரை மீட்டர் அவருக்குக் கிடைக்காமலே போய்விடுகிறது. ஒருசில சென்டிமீட்டருக்குள் அவர் உடல் நின்றாக வேண்டும்.

மூன்றாவது மோதல் வெளியே தெரியாது. உடல் நின்ற பிறகும் உள்ளே இருக்கும் உறுப்புகள் ஓடிக்கொண்டிருக்கும். மூளை மண்டையோட்டின் உட்சுவரில் மோதும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி இழுபட்டுக் கிழியலாம். கல்லீரலும் மண்ணீரலும் வெடிப்பு விடலாம். மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து நடந்தவர் சில மணி நேரம் கழித்துச் சரிந்து விழுவது இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பெல்ட் போட்டவருக்கு, கார் நசுங்கும் தூரமும் பெல்ட் விட்டுக்கொடுக்கும் தூரமும் சேர்ந்து மொத்தம் 80 சென்டிமீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்திலிருந்து அந்தத் தூரத்துக்குள் நின்றால், உடல் உணரும் சராசரி விசை புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 18 மடங்கு. 70 கிலோ எடையுள்ளவர் மீது ஒன்றேகால் டன் பாரம் ஒரு கணம் அழுத்துவதற்குச் சமம். கடுமையானதுதான், ஆனால் ஆரோக்கியமான உடல் தாங்கிவிடும். பெல்ட் போடாதவர் 5 சென்டிமீட்டருக்குள் நிற்கிறார் என்றால் அதே கணக்கு 280 மடங்கைத் தாண்டுகிறது. ஏறக்குறைய 20 டன். அதைத் தாங்கும் எலும்பு எவருக்கும் கிடையாது.

தூரம் கூடினால் விசை குறைகிறது. இதில் புதிர் ஒன்றும் இல்லை. கிரிக்கெட் ஆடியவர்களின் கைகளுக்கே இது தெரியும்: உயரத்திலிருந்து வரும் பந்தைக் கையைப் பின்னால் இழுத்தபடி பிடித்தால் வலிக்காது, விறைப்பாக நீட்டிப் பிடித்தால் விரல் பெயர்ந்துவிடும். பெல்ட் உங்களைக் காரோடு சேர்த்துக் கட்டுவதால், கார் மெல்ல மெல்ல நிற்கும்போது நீங்களும் அதோடு சேர்ந்து மெல்ல நிற்கிறீர்கள். "மெல்ல" என்று நான் சொல்வதெல்லாம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும் சங்கதி.

சரியாகக் கட்டப்பட்ட உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் தன் உடம்பை வைத்தே சோதித்துப் பார்த்தார். 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னை வார்களால் இறுகக் கட்டிக்கொண்டு மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தை எட்டினார். பிறகு 1.4 நொடியில் வண்டி நின்றது. உச்சத்தில் அவர் தாங்கிய விசை புவியீர்ப்பைப் போல் 46 மடங்கு. கண்களில் ரத்தம் கட்டி, கொஞ்ச நேரம் பார்வை தெரியாமல் தவித்தார், ஆனால் பிழைத்தார். 1999 வரை வாழ்ந்தார். கார்களில் பெல்ட் வேண்டும் என்று பிற்காலத்தில் உரக்க வாதாடியவர்களில் அவரும் ஒருவர்.

"மெதுவாத்தானே போறோம்" என்கிற ஓட்டுநருக்கு இன்னொரு கணக்கு. 60 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கைந்து மாடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். நெடுஞ்சாலையின் 120 கி.மீ. வேகத்தில் அது 57 மீட்டர் ஆகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால்தான் இப்படி. முன்னால் கையை ஊன்றித் தடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள், நான்காம் மாடியிலிருந்து விழும்போது கையை ஊன்றி நிற்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கட்டும்.

வார் எங்கே உட்கார வேண்டும்

இவ்வளவு விசையையும் உடலில் எங்கேயாவது வாங்கித்தானே ஆக வேண்டும்? உடலின் வலுவான எலும்புகளில் வாங்க வேண்டும். இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலாக்கூடு, தோளருகே காறை எலும்பு ஆகியவை அந்த இடங்கள். வயிறு அதற்கு ஏற்ற இடமே இல்லை. வயிற்றுக்குள் குடல் போன்ற மென்மையான உறுப்புகள்தான் இருக்கின்றன, முன்பக்கம் எலும்புக் கவசம் கிடையாது.

இன்று எல்லா வண்டிகளிலும் இருக்கும் மூன்று முனைப் பெல்ட்டை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின். வோல்வோ நிறுவனத்துக்கு வருவதற்கு முன் சாப் விமான நிறுவனத்தில், ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளில் வேலை செய்தவர். அதற்கு முந்தைய பெல்ட்டுகள் பெரும்பாலும் இடுப்பை மட்டும் சுற்றியவை. மோதலில் மேலுடம்பு கத்திபோல் மடிந்து, வயிறும் முதுகுத்தண்டும் சேதமாகும். போலின் இடுப்புக்கு ஒன்று, மார்பின் குறுக்கே ஒன்று என ஒரே வாரை ஓடவிட்டு, இடுப்பருகே ஒரு பக்கத்தில் மாட்டும்படி செய்தார். ஒரு கையால் போடலாம், ஒரு கையால் கழற்றலாம். 1959-இல் வோல்வோ கார்களில் அது வந்தது. காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டே, மற்ற நிறுவனங்களும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று வோல்வோ திறந்துவிட்டது. அந்த ஒரு முடிவுக்காக அந்த நிறுவனத்தை நான் மனதாரப் பாராட்டுவேன்.

அந்த வடிவம் வேலை செய்ய வேண்டுமென்றால் போடும் விதம் சரியாக இருக்க வேண்டும். இடுப்பு வார் வயிற்றுக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பெலும்பின் இரண்டு முனைகளிலும் படிய வேண்டும். மார்பு வார் தோளின் நடுவே இறங்கி மார்பெலும்பின் குறுக்கே போக வேண்டும். கழுத்தில் உரசக் கூடாது, தோளிலிருந்து வழுக்கவும் கூடாது. முன்சீட்டின் பக்கத் தூணில் மேல் வளையத்தை ஏற்றி இறக்கும் பித்தான் பல வண்டிகளில் இருக்கிறது. உயரம் குறைந்தவர்கள் அதை ஒருமுறை கீழே இறக்கிக்கொண்டால் கழுத்துத் தொந்தரவு போய்விடும். தொந்தரவாக இருக்கிறது என்று மார்பு வாரை அக்குளுக்குக் கீழே செருகிக்கொள்கிறவர்கள் உண்டு. அப்போது முழு விசையும் கீழ் விலாக்கள்மீது விழும். அவற்றுக்குப் பின்னால்தான் கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன.

கோயிலுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வரும் அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. கொசுவம் வைத்த இடம் தடிமனாக இருப்பதால் இடுப்பு வார் தானாகவே மேலே ஏறி வயிற்றில் உட்கார்ந்துவிடும். பெல்ட்டை மாட்டிய பிறகு கொசுவத்துக்குக் கீழே கையால் ஒருமுறை தள்ளிவிட்டு, மார்பு வாரை மேல்நோக்கி இழுத்துத் தளர்வை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு போவது. தொலைதூரப் பயணத்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் செய்வது இதைத்தான். சாய்ந்து படுத்தவரின் இடுப்பு, மோதலில் வாருக்குக் கீழே வழுக்கி முன்னே போய்விடும். வார் எலும்பை விட்டுவிட்டு வயிற்றை அறுக்கும்.

கர்ப்பிணிகள் பெல்ட் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். போட்டே ஆக வேண்டும். இடுப்பு வார் வயிற்றின் மேட்டுக்குக் கீழே போக வேண்டும், மார்பு வார் இரண்டு மார்புகளுக்கும் நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின்மேல் ஓடவே கூடாது. தாய் பிழைப்பதுதான் குழந்தைக்கும் பாதுகாப்பு.

தூணுக்குள் இருக்கும் சிறு குண்டு

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பல வீடுகள் மேட்டிலோ பள்ளத்திலோதான் இருக்கும். செங்குத்தான ஓட்டுப்பாதையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தால் சில நேரம் அசையவே அசையாது. பெல்ட் கெட்டுவிட்டது என்று பட்டறைக்கு வருகிறவர்கள் உண்டு. சமதரையில் நிறுத்தி இழுத்தால் வெண்ணெய்போல் வரும். அதுதான் பெல்ட்டின் மூளை வேலை செய்வதன் அடையாளம்.

பக்கத் தூணின் அடிப்பகுதியில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் பெல்ட்டைச் சுருட்டி வைக்கும் உருளை இருக்கிறது. ஒரு சுருள்வில் அதை எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் குனியலாம், ரேடியோவைத் திருப்பலாம், அது விட்டுக்கொடுக்கும். உருளைக்கு அருகே ஒரு சிறு கிண்ணத்தில் கோலிக்குண்டு அளவுக்கும் சிறிய உலோகக் குண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். வண்டி திடீரென்று வேகம் இழந்தாலோ, அதிகமாகச் சாய்ந்தாலோ குண்டு கிண்ணத்தின் ஓரத்தில் ஏறி, மேலே இருக்கும் சிறு நெம்புகோலைத் தூக்கும். நெம்புகோல் உருளையின் பற்சக்கரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், உருளை பூட்டிக்கொண்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதி எண் 16-இன்படி, புவியீர்ப்பில் பாதிக்கும் சற்றுக் குறைவான வேகக்குறைப்புக்கே அது பூட்டிக்கொள்ள வேண்டும். ஓங்கி பிரேக் அடித்தாலே அந்த அளவு வந்துவிடும்.

இது தவிர, பெல்ட்டைச் சடாரென்று இழுத்தாலும் பூட்டிக்கொள்ளும் வேறொரு ஏற்பாடும் உருளைக்குள்ளேயே உண்டு. ஒன்று தவறினால் இன்னொன்று பிடிக்கும். வீட்டிலேயே சோதிக்கலாம்: வண்டி நிற்கும்போது பெல்ட்டை மெதுவாக இழுங்கள், வரும், சட்டென்று வெட்டி இழுங்கள், நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

வார் பாலியஸ்டர் நூலால் நெருக்கமாக நெய்யப்பட்டது, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அகலம். அகலமாக இருப்பதால் விசை பரவலாக விழுகிறது. முறுக்கிக்கொண்ட பெல்ட் இந்தக் காரணத்தால்தான் ஆபத்து. முறுக்கிய இடத்தில் எல்லா விசையும் ஒரு கோட்டில் இறங்கும். கழற்றும் பித்தான் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும், மோதலுக்குப் பிறகும் ஆறு கிலோ அழுத்தத்துக்குள் கழன்றுவிட வேண்டும் என்பதும் அதே விதி எண் 16-இல் உள்ளது. "ஆற்றில் விழுந்தால் மாட்டிக்கொள்வோமே, தீப்பிடித்தால் என்ன செய்வது?" என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில். தண்ணீரிலிருந்தோ தீயிலிருந்தோ தப்ப வேண்டுமானால் முதலில் நினைவு தப்பாமல் இருக்க வேண்டும். தலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவருக்குக் கதவு திறந்திருந்தும் பயனில்லை.

பூட்டிக்கொள்வது மட்டும் போதாது. உடலுக்கும் வாருக்கும் இடையே சட்டை, ஜாக்கெட், கொஞ்சம் தளர்வு என்று எப்போதும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி முழுவதும் வீணாகும் தூரம். அதைப் பிடிக்கத்தான் பிரிட்டென்ஷனர் என்னும் இறுக்கி வந்தது. 1981-இல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் பெரிய காரில் ஏர்பேக்கோடு சேர்த்து இதையும் அறிமுகப்படுத்தியது. மோதலை உணர்ந்ததும் கணினி ஒரு மின்துடிப்பை அனுப்பும். உருளையிலோ கொக்கியின் அடியிலோ இருக்கும் சிறு குழாயில் துளி வெடிமருந்து எரியும். அந்த வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளி, பெல்ட்டைச் சில சென்டிமீட்டர் முதல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் வரை உள்ளே இழுத்துவிடும். மோதல் தொடங்கி நொடியில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நேரத்துக்குள் இது முடிந்துவிடும். உங்கள் உடல் முன்னே நகரத் தொடங்குவதற்கு முன்பே பெல்ட் உங்களை இருக்கையோடு சேர்த்து இறுக்கியிருக்கும்.

இறுக்கிப் பிடித்தபடியே இருந்தால் விலா எலும்பு முறியும், முக்கியமாக வயதானவர்களுக்கு. அதனால் அடுத்த கட்டத்தில் பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கத் தொடங்கும். உருளையின் நடுவே ஓர் இரும்புத் தண்டு இருக்கிறது. விசை ஒரு வரம்பைத் தாண்டினால் அந்தத் தண்டு தானே முறுக்கிக்கொண்டு, வாரைச் சில சென்டிமீட்டர் வெளியே விடும். மார்பு மீதான அழுத்தம் அந்த வரம்புக்குள்ளேயே நிற்கும். விபத்தான வண்டியின் உருளையைப் பிரித்தால் அந்தத் தண்டு முறுக்கேறிக் கிடப்பதைக் காணலாம். அது முறுக்கிய ஒவ்வொரு சுற்றும் ஒருவருடைய விலா எலும்பு முறியாமல் தப்பியதற்கு அடையாளம். எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த பொருள் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மலிவான சில கார்களிலும், பக்கி எனப்படும் பின்தட்டுள்ள பிக்அப் வண்டிகளில் பழையவற்றிலும், பெரும்பாலும் பின்சீட்டுகளிலும், இறுக்கியும் முறுக்குத்தண்டும் இருப்பதில்லை. அங்கே பெல்ட்டைக் கையால் இழுத்து ஒட்டினாற்போல் போட்டுக்கொள்வது நம் பொறுப்பு. கனத்த குளிர்கால ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் போடுவது நல்லது. புது வண்டி வாங்குகிறவர்கள் சன்ரூஃபும் பெரிய திரையும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். எல்லா இருக்கையிலும் மூன்று முனைப் பெல்ட் இருக்கிறதா, முன்னால் இறுக்கி இருக்கிறதா என்று கேட்கிறவர் குறைவு. குளோபல் என்கேப் அமைப்பும் இந்நாட்டு ஆட்டோமொபைல் சங்கமும் சேர்ந்து 2017-இலிருந்து இங்கே விற்கும் கார்களை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டு நட்சத்திரங்கள் கொடுத்துவருகின்றன. அந்த முடிவுகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஏர்பேக் இருக்கிறதே

ஏர்பேக் மூடியின் மேல் எஸ்.ஆர்.எஸ். என்று பொறித்திருக்கும். துணைக் கட்டுப்பாட்டு அமைப்பு என்பதன் சுருக்கம் அது. முதன்மைக் கட்டுப்பாடு பெல்ட்தான். ஏர்பேக் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் வெடித்து விரியும், முகத்தை நோக்கி மணிக்கு 300 கி.மீ. அளவிலான வேகத்தில் வரும். பெல்ட் போட்டவரின் தலை, ஏர்பேக் முழுதாக விரிந்து மெல்லக் காற்றை வெளியே விடத் தொடங்கும்போது வந்து அதில் விழும். அதற்கேற்றபடிதான் அதன் நேரம் அமைக்கப்பட்டிருக்கிறது. பெல்ட் போடாதவரின் தலை, பிரேக் அடித்த நொடியிலேயே முன்னே போய், ஏர்பேக் வெடிக்கும்போது மிக அருகில் இருக்கும். காப்பாற்ற வந்ததே அடித்துவிடும். ஸ்டியரிங்குக்கும் மார்புக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். டாஷ்போர்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போகும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

பின்சீட்டு, பக்கி, மடியில் குழந்தை

ஆயாவின் கேள்விக்கு வருவோம். பின்னால் உட்கார்ந்திருந்தாலும் அவருடைய உடல் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. பெல்ட் இல்லாவிட்டால் முன்சீட்டின் முதுகில் ஒரு டன்னுக்கு மேலான விசையோடு போய் மோதுவார். முன்னால் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் மகன், தன் பெல்ட்டுக்கும் பின்னாலிருந்து வரும் தாயின் உடலுக்கும் நடுவே நசுங்குவான். இது பலருக்கும் தோன்றுவதில்லை. தன் உயிரைப் பற்றிக் கவலைப்படாத பெரியவர்கள்கூட, "நீங்க பெல்ட் போடலைன்னா முன்னாடி இருக்கிற உங்க பையனுக்குத்தான் ஆபத்து, ஆயா" என்று சொன்னால் உடனே போட்டுக்கொள்வார்கள். நான் வீட்டில் இப்படித்தான் சொல்வேன். பின்சீட்டில் அவிழ்த்துவிட்டுக் கிடக்கும் பொருள்களுக்கும் இதே கணக்குத்தான். ஐந்து கிலோ பிரியாணிப் பானை 60 கி.மீ. மோதலில் 90 கிலோ பாரத்தோடு பறக்கும். அதை வண்டியின் பின்பக்கச் சாமான் அறையில் வையுங்கள்.

வண்டி உருண்டால் நிலைமை இன்னும் மோசம். பெல்ட் இல்லாதவர் கண்ணாடி வழியாகவோ திறந்துகொண்ட கதவு வழியாகவோ வெளியே எறியப்படுவார். பிறகு தார்ச்சாலையோ, வேறொரு வண்டியோ, உருளும் தன் வண்டியோ அவரை முடித்துவிடும். "வெளியே விழுந்ததால் பிழைத்தார்" என்ற கதைகள் நம்மிடையே உலவுகின்றன. வெளியே விழுந்து இறந்தவர்கள் கதை சொல்ல வருவதில்லை.

முன்சீட்டில் பெல்ட் போடுவது மரண ஆபத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு. உலகிலேயே முதன்முதலில் பெல்ட் போடுவதைக் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970-இல். நம் நாட்டில் தேசியச் சாலைப் போக்குவரத்து விதி எண் 213 இதைத் தெளிவாகச் சொல்கிறது: வண்டியில் இருக்கும் எல்லோரும் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது ஓட்டுநரின் கடமை. அதே வரிசையில் பெல்ட் உள்ள இருக்கை ஒன்று காலியாக இருக்கும்போது, பெல்ட் இல்லாத இருக்கையில் பெரியவர் ஒருவர் உட்காரக் கூடாது என்பதும் அதில் உள்ளது. ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் இறக்கும் நாடு இது. காகிதத்தில் சட்டம் நன்றாகவே இருக்கிறது, பின்சீட்டுக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

பக்கியின் பின்தட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே பெல்ட்டும் இல்லை, இருக்கையும் இல்லை, நசுங்கிக் காக்கும் அறையும் இல்லை. கூலி வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளை அதில் ஏற்றுவது 2017 மே மாதத்திலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. கூலி வாங்காமல் சொந்தப் பிள்ளையை ஏற்றினாலும் இயற்பியல் மாறாது.

இனி மடியில் இருக்கும் குழந்தை. பத்துக் கிலோக் குழந்தை, 60 கி.மீ. மோதலில் உங்கள் கையிலிருந்து 170 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு பிய்த்துக்கொண்டு போகும். எந்தத் தாயின் பிடியும் அதைத் தாங்காது. அன்பு குறைவு என்று அதற்கு அர்த்தமில்லை, தசைக்கு அவ்வளவுதான் வலு. தாயும் குழந்தையும் ஒரே பெல்ட்டுக்குள் இருப்பது இன்னும் கொடுமை, தாயின் எடையே குழந்தையை நசுக்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் குழந்தை இருக்கையில்தான் இருக்க வேண்டும் என்று 2015-இல் இங்கே விதி வந்தது.

கைக்குழந்தைகள் பின்னோக்கிப் பார்க்கும் இருக்கையில் இருக்க வேண்டும். குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது பெரியது, கழுத்து மிக மென்மையானது. பின்னோக்கி உட்கார்ந்தால் மோதலின்போது தலை, கழுத்து, முதுகு எல்லாம் இருக்கையின் முதுகில் ஒன்றாகச் சாயும், கழுத்து மட்டும் தனியாக இழுபடாது. அதனால் அந்த இருக்கை தாங்கும் எடை வரை எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் அப்படியே வைத்திருங்கள். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அதை வைக்கவே கூடாது, வெடித்த ஏர்பேக் நேரே குழந்தையின் தலைக்குப் பின்னால் வந்து அடிக்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்னோக்கிய இருக்கை, பிறகு பூஸ்டர் எனப்படும் உயர்த்தும் இருக்கை. இடுப்பு வார் தானாகவே தொடை தொடங்கும் இடத்தில் படியும்வரை, ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரம் வரும்வரை, பூஸ்டர் தேவை. நம் விதியும் 14 வயதுக்கு உட்பட்டவர்களில் அந்த உயரத்தைத் தாண்டாதவரைக் குழந்தை என்றே கணக்கிடுகிறது. விலை கூடுதல் என்று தயங்குகிற குடும்பங்களுக்கு, பயன்படுத்திய குழந்தை இருக்கைகளை வாங்கிச் சரிபார்த்துத் தரும் வீல் வெல் என்ற தொண்டு அமைப்பு இந்நாட்டில் இயங்குகிறது. முன்பின் தெரியாதவரிடம் பழைய இருக்கை வாங்காதீர்கள், அது விபத்தில் சிக்கியதா என்பது கண்ணுக்குத் தெரியாது.

விபத்துக்குப் பிறகு

பெல்ட் போட்டவருக்கு மோதலில் தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்கே ஒரு கன்றிய தடம் விழும். அந்தத் தடம் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய் வயிற்றையும் மார்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம்.

வண்டிக்கும் பரிசோதனை உண்டு. பலமான மோதலைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. தூணின் மேல் வளையத்தில் வார் உரசிய இடத்தில் பிளாஸ்டிக் உருகி மினுமினுப்பாகத் தேய்ந்திருக்கும், வாரின் ஓரம் அலையலையாக நெளிந்திருக்கும். கொக்கியடி இறுக்கி வெடித்திருந்தால் கொக்கி வழக்கத்தைவிடச் சில சென்டிமீட்டர் கீழே இறங்கி, அதன் ரப்பர் உறை மடிந்து சுருங்கிக் கிடக்கும். இவை எல்லாம் ஒருமுறை மட்டுமே வேலை செய்பவை, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும்.

பழைய வண்டி வாங்கும்போது சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் விளக்கு பழுதாகியிருக்கலாம், அல்லது வேண்டுமென்றே பிடுங்கியிருக்கலாம். எரிந்து அணைந்தாலும் முழுதாக நம்பிவிட முடியாது: வெடித்துப்போன இறுக்கிக்குப் பதிலாக ஒரு சின்ன மின்தடையைச் சொருகி, எல்லாம் சரியாக இருப்பதாகக் கணினியை ஏமாற்றும் வேலையும் நடக்கிறது. அதனால் ஒவ்வொரு இருக்கையின் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். பின்சீட்டின் நடுப் பெல்ட் பெரும்பாலும் மெத்தைக்கு அடியில் தொலைந்து கிடக்கும், அதையும் தோண்டி எடுங்கள். வாரில் கிழிசல், வெயிலில் வெளுத்த இடம், உருகிய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வாரின் அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரித்த ஆண்டு இருக்கும். நான்கு பெல்ட் ஓர் ஆண்டு, ஒன்று மட்டும் வேறு ஆண்டு என்றால் அந்த இருக்கைப் பக்கம் எப்போது, எதற்காக மாற்றப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். பீப் சத்தத்தை நிறுத்துவதற்காகக் கொக்கியில் செருகும் போலி நாக்கு மாட்டியிருந்தால் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.